இறுகிய தசையும் இளகும் வழியும்

1810-ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்த வில்லியம் ஜான் லிட்டில் என்பார், இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் கோணியவர். ஜெர்மனி தேயத்து ஹானோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் என்னும் சத்திர வைத்தியர் 1836-இல் அவருடைய குதிகால் நாணை அறுத்து அக்காலைச் செம்மை செய்தார். அந்நன்றி மறவாத லிட்டில், பிறர் உறுப்புக்களின் கோணலைத் தீர்த்தலையே தம் பணியாகக் கொண்டார். பிறக்கும்போது மூச்சுத் தடைப்பட்டு மூளை ஊறுபட்ட குழந்தைகளின் கைகால் இறுகுதலை அவர் 1862-இல் விரித்தெழுதினமையின், அந்நோய் நெடுங்காலம் 'லிட்டில் நோய்' எனவே வழங்கிற்று.

மூளை ஊறுபடத் தசை இறுகுவது ஏன்? தசை நீளுந்தோறும் அச்செய்தி நரம்புவழியே தண்டுவடத்தை எய்தும். தண்டுவடம் உடனே, 'சுருங்குக' எனத் தசையைப் பணிக்கும். இப்பணியை அளவிற்படுத்துவது மூளை. பாகன் கை சோர்ந்தவழிக் குதிரை தறிகெட்டோடுமாறுபோல, மூளையின் அடக்குமாணை குறைந்தவழித் தசை ஓயாது இறுகும். ஆகலின், நோய் தசையிற் காணப்படினும் அதன் வேர் தசையில் இல்லை.

பாக்லோபென் என்னும் மருந்து, தண்டுவடத்தில் அவ்வடக்குந் தொழிலை ஓரளவு செய்யவல்லது. ஆயினும், உண்ட மருந்திற் சிறு பகுதியே ஆண்டுச் சேரும். அளவை மிகுப்பின் குழந்தை உறங்கி வழியும். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலேயே இதனைச் செலுத்தும் முறையை 1984-இல் சிக்காகோ நகரத்து ரிச்சர்டு பென் முதலியோர் வெளியிட்டனர். முதற்கண் தண்டுவட நோயாளர்க்குப் பயன்பட்ட அம்முறை, பின்னர்க் குழந்தைகட்கும் வந்தது. வயிற்றுத் தோலின்கீழ் வைத்த சிறு இயந்திரம் மெல்லிய குழாய்வழி மருந்தைச் செலுத்தும். வேண்டும் அளவோ மிகச் சிறிது. சில திங்கட்கொருமுறை ஊசியால் அதனை நிரப்புவர். மருந்து திடீரென நின்றுவிடின் கடுஞ்சுரமும் வலிப்பும் தோன்றி உயிர்க்கே இறுதி நேரலாம். ஆதலின் நிரப்பும் நாள் தவறலாகாது.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. இறுக்கம் முழுதும் பகையன்று. கால் வலுவற்ற குழந்தை அவ்விறுக்கத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்றலும் உண்டு. அதனை முற்றும் நீக்கின் அக்குழந்தை நிற்கவும் மாட்டாது. ஆதலின் இயந்திரம் வைக்குமுன், மருந்தை ஒருமுறை ஊசியாற் செலுத்திச் சோதிப்பர். வேண்டுவது நடையோ, நோவற்ற உறக்கமோ, தாய் எளிதின் உடுத்தற்காம் நெகிழ்வோ என்பதையும் முன்னரே தெளிவர். மருந்து தசையை இளக்குமேயன்றி, ஊறுபட்ட மூளையை மீட்பதன்று. பயிற்சி தொடர்ந்தே வேண்டும்.

உறுப்பிறுகியமை கண்டு அறிவும் குன்றியதெனத் துணிவது பெரும்பிழை. நாவிறுகிப் பேசமாட்டாத குழந்தையும் யாம் பேசுவனவெல்லாம் உணர்தல் கூடும். தம் கால் கோணியிருந்தமையின் லிட்டில் பிறர் துன்பம் உணர்ந்தார். நேரிய கால்களோடு கல்லூரிப் படியேறும் யாமோ, அத்தகையான் ஒருவனைக் காணின், அவன் காலை நோக்குமுன் அவன் கருத்தைக் கேட்கக் கற்போமாக.