மடக்குக் கத்தியை மீண்டும் பூட்டுதல்: அச்சாணியின் இறுக்கமும் தளர்வும்

காவிரியின் வடகரையில் வாழைத் தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் நிறைந்த தொட்டியம் வட்டாரத்தில், இலை நறுக்கவும் நார் அறுக்கவும் உர மூட்டையின் தையலைப் பிரிக்கவும் பயன்படும் மடக்குக் கத்திக்குத் துருவைவிடப் பெரிய பகை வாழைக்கறையே ஆகும். வாழைச் சாற்றில் உள்ள டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் காற்றுப் பட்டுப் பழுப்பு நிறமாவதோடு, இரும்புடன் சேர்ந்து கருநிறக் கறையாகவும் படிகிறது. அலகின் மேல் படிந்த கறை கண்ணுக்குத் தெரிவதால் உடனே துடைக்கப்படுகிறது. அலகு சுழலும் அச்சாணிக்குள் புகுந்த சாறோ மணலையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு பிசினாக இறுகி, கத்தியைத் திறப்பதையே பெரும்பாடாக்கிவிடுகிறது. அந்நிலையில் கத்தியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றுவதும் கழுவுவதும் எளியவை. மீண்டும் பூட்டும்போதுதான் பலரும் தவறுகின்றனர், அதுவும் திருகை முடுக்கத் தெரியாமல் அன்று, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்.

எந்தக் கத்தியைக் கழற்றலாம்

இங்கே கூறப்படும் முறை, அச்சாணி திருகாக அமைந்த கத்திகளுக்கே பொருந்தும். தறையாணியால், அதாவது தலை தட்டி விரிக்கப்பட்ட ரிவிட்டால், பூட்டப்பட்ட கத்திகளைக் கழற்றக் கூடாது. பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி போன்றவை இவ்வகையின. இவற்றின் இணைப்பில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, பலமுறை திறந்து மூடி, பல்குத்தும் குச்சியால் அழுக்கை வழித்தெடுத்து, நன்கு உலர்த்திய பின் எண்ணெய் இடுவதே போதுமானது. மரப்பிடியைத் தண்ணீரில் ஊற வைத்தால் மரம் பருத்து அலகைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது.

பூட்டும் வரிசை

தொடங்குவதற்கு முன் அலகின் விளிம்பை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். இதைத் தவிர்ப்பவரின் விரல், முதல் திருகு ஏறுவதற்குள்ளேயே அறுபடக்கூடும். பெரும்பாலான புதிய கத்திகளின் திருகுகள் ஆறுமுனை நட்சத்திரத் தலை கொண்டவை. அவற்றுக்கு டி6, டி8 என்னும் அளவுத் திருப்புளிகள் வேண்டும். அளவு சற்றே குறைந்த திருப்புளியைக் கொண்டு சமாளிப்பது திருகின் தலையை வழுக்கையாக்கி, பத்து நிமிட வேலையைப் பட்டறை வேலையாக மாற்றிவிடும்.

1. ஒவ்வொரு பாகமும் ஈரம் சிறிதுமின்றி உலர்ந்திருக்க வேண்டும். உலராத கத்தியைப் பூட்டுவது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதே ஆகும்.

2. ஒரு பக்கக் கைப்பிடியைத் தரையில் கிடத்தி, அதில் அச்சாணியைச் செருக வேண்டும். அச்சாணியின் ஒரு புறம் தட்டையாகச் சீவப்பட்டிருந்தால், கைப்பிடித் துளையின் தட்டைப் புறத்தோடு அது பொருந்த வேண்டும். அச்சாணி தானும் சேர்ந்து சுழலாதிருக்கவே அந்தத் தட்டைப் புறம் அமைக்கப்பட்டுள்ளது.

3. வாஷர், அலகு, வாஷர் என்னும் வரிசையில் அடுக்க வேண்டும். வாஷர் என்பது அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் மெல்லிய வளையம்; வெண்கலத்தாலோ டெஃப்லானாலோ ஆனது. ஒரு வாஷர் விடுபட்டாலும் அதன்பின் செய்யும் எந்தச் சரிசெய்தலும் பயன் தராது.

4. மறுபக்கக் கைப்பிடியை வைத்து, எல்லாத் திருகுகளையும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் ஏற்றி நிறுத்த வேண்டும்.

அச்சாணியைச் சரிசெய்தல்

இந்தக் கட்டமே கத்தியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. முதலில் அச்சாணியைச் சரியான பதத்துக்கு முடுக்கிவிட்டு, அதன் பின்னர் கைப்பிடித் திருகுகளை முடுக்குவதே மிகப் பரவலான பிழை. கைப்பிடித் திருகுகள் இறுகும்போது இரு பக்கத் தகடுகளும் ஒன்றையொன்று நெருங்கி அச்சாணியின் மேல் உள்ள அழுத்தத்தையும் மாற்றிவிடுவதால், முதலில் கண்ட பதம் காணாமற் போகிறது. ஆகவே கைப்பிடித் திருகுகளை முழுவதும் முடுக்கிய பின்னரே அச்சாணியைத் தொட வேண்டும் என்பது விலக்கில்லாத விதி.

அடுத்து அச்சாணியை, அலகு அசைய மறுக்கும் வரை மென்மையாக முடுக்க வேண்டும். இவ்வாறு செய்வது வாஷர்கள் தம் இடத்தில் அமர்வதற்காகவே. அதை இறுதி இறுக்கம் என்று எண்ணி அங்கேயே விட்டுவிடக் கூடாது. பின்னர், கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவு மட்டுமே திருப்புளியைப் பின்னோக்கித் திருப்பி, கத்தியைத் திறந்து மூடிப் பார்த்து, தேவையானால் மீண்டும் அதே அளவு திருப்ப வேண்டும். பாதிச் சுற்று, முழுச் சுற்று என்று திருப்புகிறவர் சரியான இடத்தை ஒவ்வொரு முறையும் தாண்டிச் செல்கிறார். அது அவ்வளவு குறுகிய இடம்.

அலகைத் திறந்து, அதன் நுனியருகே விளிம்பைத் தொடாமல் இரு பக்கத்தட்டைகளையும் பிடித்து இடமும் வலமும் அசைத்தால், அது சிறிதும் ஆடக் கூடாது. அதே வேளையில் திறக்கும்போது சிக்காமல், தடையின்றிச் சுழல வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர அமைவதே சரியான பதம். ஆட்டத்தைப் போக்கினால் அலகு சிக்குகிறது, சிக்கலைப் போக்கினால் ஆட்டம் வருகிறது என்னும் நிலை ஏற்பட்டால், குறை திருகில் இல்லை. உள்ளே மணல் தங்கியிருக்கிறது அல்லது வாஷர் வளைந்திருக்கிறது என்று பொருள். அப்போது மீண்டும் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை; கூடுதல் எண்ணெய் விட்டுச் சரிக்கட்டுவது குறையைச் சில நாட்கள் மறைக்குமே தவிரத் தீர்க்காது.

பக்கவாட்டு ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் ஒன்றென்று கருதலாகாது. முன்னது அச்சாணியின் தளர்வு. பின்னது பெரும்பாலும் பூட்டுத்தகட்டின் அல்லது தடுப்பாணியின் தேய்மானம். பூட்டுத்தகடு என்பது திறந்த அலகின் அடியில் வந்து நின்று அது மடங்காமல் காக்கும் வில்தகடு. தடுப்பாணி என்பது அலகு திறந்த நிலையில் சாய்ந்து நிற்கும் சிறு ஆணி. மேல்கீழ் ஆடும் கத்தியின் அச்சாணியை எவ்வளவு முடுக்கினாலும் அந்த ஆட்டம் தீராது, பூட்டின் மீதான ஐயமும் நீங்காது. அத்தகைய கத்தியைக் கொண்டு அழுத்தி அறுக்கும் வேலை எதையும் செய்யக் கூடாது.

பசையும் எண்ணெயும்

ஓயாமல் திறந்து மூடப்படும் கத்தியில் அச்சாணித் திருகு தானே தளரும் என்பதால், பதம் உறுதியான பின் அத்திருகை மட்டும் கழற்றி, எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, நீலநிறத் திருகுப் பசையில் குண்டூசி முனையளவு வைத்து அதே பதத்துக்கு முடுக்க வேண்டும். சிவப்பு வகையை அறவே தவிர்க்க வேண்டும். அதைப் பின்னர் கழற்றச் சூடேற்ற நேரும். பசை வாஷரில் படாமல் காப்பதும், முழு வலிமை பெற 24 மணி நேரம் கத்தியை வேலைக்கு எடுக்காதிருப்பதும் இன்றியமையாதவை.

எண்ணெய் வாஷருக்கு ஒரு சொட்டு. பூட்டுத்தகடு அலகைத் தொடும் முகத்துக்கு ஒரு துளியும் கூடாது, ஏனெனில் அங்கே பூட்டைக் காப்பது உராய்வே. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறைவதால் மார்கழி விடியலில் கத்தியைப் பிடித்துக்கொள்ளும். நாள்பட்டால் பிசுபிசுக்கவும் செய்யும். தையல் இயந்திர எண்ணெய் நன்று; சாப்பாட்டு இலையும் பழமும் நறுக்கும் கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பாரஃபினே ஏற்றது.

ஒட்டுநாடாவை அகற்றும் முன், அலகு மடங்கும் வழியில் விரல்கள் இல்லாதவாறு கைப்பிடியைப் பிடித்து, திறந்த அலகின் முதுகை ஒரு கட்டையின் மேல் மெதுவாக அழுத்திப் பூட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஓங்கித் தட்டுவது நல்ல பூட்டையும் கெடுக்கும். இவ்வளவு உழைத்துப் பெற்ற பதத்தைக் காக்க ஒரே வழி, தோப்பிலிருந்து கரையேறும் முன், சாறு ஈரமாக இருக்கும்போதே கத்தியை ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் ஒற்றி, அதன் பின்னரே மடக்குவதாகும்.