காலில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

கள்ளிக்காடு, அம்பூரி, ஒற்றசேகரமங்கலம், வெள்ளறடை பக்கமெல்லாம் சமதரையில் நிற்கும் வீடு குறைவு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாலு படி இறங்க வேண்டும், இல்லையென்றால் பத்துப் படி ஏற வேண்டும். மழை பிடித்துவிட்டால் ரப்பர் விளையில் வழுக்கியும், வளைவில் பைக் சறுக்கியும், பாசி பிடித்த முற்றத்தில் தவறியும் கால் ஒடிகிறது. நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியிலோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜிலோ எலும்புக்குள் கம்பியோ, மேலே பிளேட்டும் ஸ்குரூவுமோ வைத்துச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கெண்டைக்கால் எலும்போ தொடை எலும்போ நன்றாகச் சேர மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை ஆகும். அத்தனை மாதமும் வைத்தியம் நடக்கிற இடம் வீடுதான்.

"அனங்காமப் படு, தானே சேந்துரும்" என்று பார்க்க வருகிற எல்லோரும் பாசத்தோடு சொல்வார்கள். அதைக் கேட்டு மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். எலும்பைக் கம்பி பிடித்துக்கொள்ளும். முட்டும் கணுக்காலும் இறுகாமல் இருக்கவும், ரத்தம் ஓடவும், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவும் உடம்பு அசைந்தே ஆக வேண்டும். அசைய வேண்டும், விழக்கூடாது. கீழே இருக்கிற குறிப்புகள் இந்த இரண்டுக்காகத்தான். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

1. டிஸ்சார்ஜ் ஆகும்முன் "காலை ஊன்றலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதற்கு நான்கு விதமான பதில் உண்டு: ஊன்றவே கூடாது, விரல் மட்டும் தரையைத் தொடலாம், பாதி எடை கொடுக்கலாம், முழு எடை கொடுக்கலாம். இதில் எது, எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குங்கள். பாதி எடை என்று சொன்னால் எத்தனை கிலோ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் ஊன்றுகோலைப் பிடித்து நின்று, அடிபட்ட காலை அதன்மேல் மெதுவாக அழுத்தி, முள் அந்த அளவுக்கு வரும்போது எப்படித் தெரிகிறது என்று பழகலாம். இரண்டு மூன்று தடவை செய்தால் காலுக்கே அளவு பிடிபட்டுவிடும்.

2. ஆள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே வீட்டைத் தயார் செய்துவிட வேண்டும். முற்றத்துப் படியில் ப்ளீச்சிங் பவுடர் தூவி, சற்று ஊறவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்துப் பாசியை எடுங்கள். மிதியடி, சாக்கு, பாய், தரையில் ஓடும் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பளபளப்பான டைல்ஸ் போட்ட சிட்டவுட்டில் சாரல் அடித்தால் ஊன்றுகோல் நிற்காது. இடவப்பாதியிலும் துலாமழையிலும் அந்த இடத்தைத் துடைத்து வைப்பதையே ஒருவர் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை விழுந்தால் உள்ளே வைத்த கம்பி வளைந்து மறுபடி ஆபரேஷன் மேஜைக்குப் போக நேரிடும்.

3. கட்டிலில் உட்கார்ந்தால் நல்ல காலின் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முட்டு இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும். தாழ்ந்த கட்டிலாக இருந்தால் மேலே இன்னொரு மெத்தை போடுங்கள். செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்த வேண்டாம். எழும்பும்போது கட்டில் அசைந்து சரிந்துவிடும். கழிப்பறைக்குப் பக்கத்து அறையாக, படியே இல்லாத வழியாகப் பார்த்துக் கட்டிலைப் போடுங்கள். மச்சில் படுக்கிறவர் கொஞ்ச நாளைக்குக் கீழே வந்துவிடட்டும்.

4. ஊன்றுகோலின் உயரத்தைச் சரி பார்ப்பது எளிது. வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக நின்று, கோலின் நுனியைப் பாதத்துக்குப் பக்கவாட்டில் அரை அடி தள்ளி வைத்தால், மேல்பட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில்தான். கக்கத்தில் சாய்ந்து தொங்கிக்கொண்டு நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும், மணிக்கட்டைத் தூக்க முடியாமலும் ஆகும். கோலின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை வாரம் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அதில் இருக்கிற வரி தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தால் அன்றைக்கே புதுசு மாற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், விலையும் குறைவுதான்.

5. வயதானவர்களுக்கு வாக்கர்தான் நல்லது. ஆனால் வாக்கரோடு படி ஏறக்கூடாது.

6. படி ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே, பிறகு அடிபட்ட காலும் கோலும். இறங்கும்போது கோலும் அடிபட்ட காலும் முதலில் கீழே, பிறகு நல்ல கால். துணைக்கு நிற்கிறவர், ஏறும்போது பின்னால் ஒரு படி கீழேயும், இறங்கும்போது முன்னால் ஒரு படி கீழேயும் நிற்க வேண்டும். கனமான துவர்த்தை மடித்து நோயாளியின் இடுப்பில் இறுகக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து இழுப்பதைவிட இது எவ்வளவோ பத்திரம். பிடிக்கிறவரின் நடுவும் பிடித்துக்கொள்ளாது. கைப்பிடி இல்லாத செங்குத்தான படியில் வெட்கப்படாமல் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்புறத்தால் நகர்ந்து இறங்குங்கள். பிசியோதெரபிஸ்டுகளே சொல்லிக்கொடுக்கிற முறை இது.

7. கைலியும் நீள நைட்டியும் கோலுக்கு அடியில் மாட்டும். முட்டு வரை வரும் நிக்கரோ, தூக்கித் தைத்த நைட்டியோ போதும். பேன்ட் போடும்போது அடிபட்ட காலை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

8. குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைதான் உள்ளது என்றால், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி ஒன்று வாங்கவோ இரவல் வாங்கவோ வேண்டும். சொந்தமாக வாங்கும்முன் பஞ்சாயத்திலும் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்திலும் விசாரியுங்கள். கேரளத்தில் 2008-ல் பாலியேட்டிவ் கொள்கை வந்தபிறகு, கட்டிலோடு கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்சு உள்ளாட்சிகளின் வழியாக இருக்கிறார். ஒருவர் உபயோகித்து முடித்த வாக்கர், சக்கர நாற்காலி, வாட்டர் பெட் போன்றவை பல இடங்களில் அடுத்தவருக்குப் போகின்றன. வார்டின் ஆஷா பிரவர்த்தகையிடம் சொல்லி வைத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும். உங்களுக்குத் தேவை முடிந்ததும் பொருளை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வீட்டில் யாரோ அதற்காகக் காத்திருப்பார்கள்.

9. ராத்திரி எழும்ப வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறவர்கள் உண்டு. மூத்திரக் கடுப்பு, மலச்சிக்கல், ரத்தம் கட்டுவது மூன்றையும் அது கூட்டும். பகலில் நன்றாகக் குடியுங்கள். ராத்திரிக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேன் வையுங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை தலைசுற்றலும் தரும், மலத்தையும் கட்டும். அதனால் எழும்பும்முன் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருங்கள். தினமும் இரண்டு பாளையங்கோட்டான் பழம், கொஞ்சம் கீரை என்று சேருங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் பழத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

10. வீக்கம் வடியக் காலை நெஞ்சைவிட உயரத்தில் வைக்க வேண்டும். தலையணையை முட்டுக்கு அடியில் மட்டும் வைத்துவிடுகிறார்கள். அது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டு மடங்கியபடியே இறுகிப்போய் நிமிர மறுக்கும். கெண்டைக்காலின் நீளத்துக்கே தலையணையைப் பரப்பி, குதிகால் மட்டும் வெளியே அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள். குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடந்தால் சில நாளிலேயே அங்கே புண் வரும். பாதம் முன்பக்கமாகத் தொங்காமல் நேராக நிற்க உள்ளங்காலுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுங்கள். முன்பக்கம் தொங்கியே பழகிய பாதம், ஊன்றலாம் என்று டாக்டர் சொல்கிற நாளில் தரையில் பதியாது.

11. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை பத்து முறை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். முட்டைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். இந்த இரண்டையும் கட்டிலை விட்டு இறங்காமலே செய்யலாம். கணுக்காலுக்கே ஆபரேஷன் ஆனவர்களும், மாவுக்கட்டு இருப்பவர்களும் விரலை மட்டும் ஆட்டினால் போதும். முட்டை மடக்குவதும் காலைத் தூக்குவதும் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்த அளவுக்குத்தான். வலி மாத்திரையை விழுங்கி அரைமணி முக்கால்மணி கழித்துப் பயிற்சி செய்தால் தாங்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊரில் உறவினர் வீட்டில் தங்கிக் குணமாகிறவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி கிடைக்குமா என்று அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

12. முறிவெண்ணெய்க்கும் ஆசான்மாரின் தடவலுக்கும் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மதிப்பு உண்டு. அந்த மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே கம்பியும் மேலே தையலும் உள்ள காலை யாரும் தடவக்கூடாது. தையல் இடத்தில் எண்ணெய் இறங்கினால் பழுக்கும். காலில் ரத்தக்கட்டி இருந்து அதை அழுத்தித் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னபிறகு, அவரிடமே கேட்டுவிட்டுத் தடவலாம்.

13. புண்ணில் மஞ்சளோ, தேங்காயெண்ணெயோ, பவுடரோ போடாதீர்கள். தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை நனையக் கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலைப் பாலிதீன் கவரில் போட்டு மேலே ஒட்டி, வெளியே இன்னொரு ஸ்டூலில் நீட்டி வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இந்த நாட்களில் அடிக்கடி அளவு பாருங்கள். சர்க்கரை ஏறி நின்றால் புண் ஆறாது.

14. ஆட்டுக்கால் சூப்பைக் குடித்தால் எலும்பு சேரும் என்று தேடிப்போய் வாங்கிவருகிறார்கள். சூடாகக் குடிக்க நன்றாக இருக்கும், ஆனால் எலும்பில் உள்ள கால்சியம் தண்ணீரில் அவ்வளவாக இறங்குவதில்லை. அந்தக் காசுக்குச் சாளையும் நெத்திலியும் வாங்குங்கள். சாளையைப் புளி விட்டு முள் மெத்தென்று ஆகும்வரை வேகவைத்து, முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் புரதமும் சேர்ந்தே கிடைக்கும். கஞ்சியும் மரச்சீனியும் வயிற்றை நிறைக்கும், புரதம் தராது. கஞ்சியோடு சிறுபயறு தாராளமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முட்டை, பால், முருங்கைக்கீரை எல்லாம் கைக்கெட்டுகிற பொருள்களே. பீடியும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் எலும்பு சேருவதைத் தள்ளிப்போடும். இந்தச் சில மாதமாவது அவற்றை விட்டுவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

15. 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையையோ பொடியையோ எழுதித் தந்திருந்தால் சீட்டை இன்னொரு தடவை படியுங்கள். பெரும்பாலும் அது வாரத்துக்கு ஒன்றுதான். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுவிட்டால் ரத்தத்தில் கால்சியம் கூடி வாந்தியும் சிறுநீரகக் கேடும் வரும். காலண்டரில் ஒரு கிழமையை வட்டம் போட்டு அன்றைக்கு மட்டும் கொடுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரண்டையும் சாயாவோடு விழுங்க வேண்டாம்.

16. கீழ்க்கண்ட ஏதாவது ஒன்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலிப்பது, மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, விரல் மரத்துப்போவது, வெளிறுவது, குளிர்ந்துபோவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். தையலில் சீழ் அல்லது நாற்றம். 108-க்குக் கூப்பிடும்போது வீட்டுப் பெயரோடு பக்கத்துக் கோயில், சர்ச், ஜங்ஷன் ஏதாவது ஒன்றைச் சொல்லி, ரோட்டில் ஒரு ஆளை நிறுத்துங்கள். விளைக்குள் இருக்கும் வீட்டை இரவில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அவசரமில்லாத சந்தேகங்களுக்குக் கேரளத்தின் திசா எண் 1056.

17. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில், உள்ளே வைத்த கம்பியின் விவரம் ஒட்டிய தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததியில் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு உதவி உண்டு. மறுபடி அட்மிட் ஆக வேண்டியிருந்தால் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். வாகன விபத்து என்றால் ஸ்டேஷனில் ஜி.டி. என்ட்ரியோ எஃப்.ஐ.ஆரோ வாங்கி வைத்து, நஷ்டஈட்டு மனுவைப் பற்றி வக்கீலிடம் சீக்கிரம் பேசுங்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. கால் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் நாள் கடந்துவிடும்.

18. எக்ஸ்ரே பார்க்க வரச்சொன்ன நாளை, வலி இல்லை என்பதற்காகத் தவறவிடாதீர்கள். வலி போன பிறகும் எலும்பு சேராமல் இருக்கலாம். ஆட்டோவில் போனால் பின்சீட்டில் குறுக்காக உட்கார்ந்து காலை சீட்டின்மேலேயே நீட்டி, கூட வருபவரை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்த்தாமல் வேறு வண்டியில் வரச் சொல்லுங்கள். பால் வெட்டப் போவது, பைக் ஓட்டுவது, சுமடு தூக்குவது மூன்றையும் எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சரிவில் கத்தியும் பால் வாளியுமாக மரம் மரமாக நடக்கிற வேலை என்று விளக்கிச் சொன்னால்தான் அவரும் அதற்கேற்ற தேதி சொல்ல முடியும்.