உணராத பொறியும் பழுதாகும் கருவியும்

உலர்ந்த தலைமயிரைப் பிளாஸ்ரிக் சீப்பினால் வாரிவிட்டு, அச்சீப்பைச் சிறு கடதாசித் துண்டுகளின் அருகே பிடித்துப் பாருங்கள். துண்டுகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். உராயும்போது இலத்திரன்கள் மயிரிலிருந்து சீப்புக்கு மாறுகின்றன. பிளாஸ்ரிக் ஒரு காவலி. ஆகவே அந்த ஏற்றம் ஓடிப்போக வழியின்றி அங்கேயே தங்கிவிடுகின்றது. இதுவே நிலைமின்.

நமது உடலிலும் இது சேர்கின்றது. நைலோன் உடுப்புடன் பிளாஸ்ரிக் கதிரையிலிருந்து எழும்பினாலே போதும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஏற்றம் மெல்லக் கசிந்துவிடும். கிழக்கில் கச்சான் வீசும் வறண்ட நாட்களில் அது கூடுதலாகத் தங்கும்.

இதனால் நமக்கென்ன? வயலை விட்டு வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை கைத்தொலைபேசி, றேடியோ திருத்தப் பழகினால் அது வீட்டுக்கு ஒரு வருமானம். அத்தொழிலைக் கெடுப்பது இந்தப் பொறிதான். ஏறத்தாழ 3,000 வோல்ற்றுக்குக் குறைந்த பொறியை நமது விரல் உணர்வதில்லை. ஆனால் சில நுண்சுற்றுக்கள் 100 வோல்ற்றுக்கும் குறைவான பொறியாலேயே பழுதடையும். அவற்றினுள் உள்ள மிக மெல்லிய காவற்படையை அது துளைத்துவிடுகின்றது. சிலவேளை கருவி உடனே நிற்காது; சில வாரங்கள் வேலை செய்துவிட்டு நின்றுபோகும். பழி திருத்தியவர்மீது விழும். உரிமையாளரோ சிதறிப்போன உறவுகளின் இலக்கங்களையும் படங்களையும் இழப்பார்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, பற்றரியைக் கழற்றுங்கள்.
2. பருத்தி உடுப்பு அணியுங்கள். பிளாஸ்ரிக் விரிப்பின்மேல் வேலை செய்யாதீர்கள்.
3. சுற்றுப் பலகையைத் தொடுமுன், மண்ணில் இறங்கியுள்ள குழாய்க் கிணற்றின் இரும்புக் குழாயைத் தொடுங்கள். இருக்கையை விட்டு எழும்பி வந்தால் மீண்டும் தொடுங்கள்.
4. பலகையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.
5. சாதாரண பொலித்தீன் பையில் இடாதீர்கள். புதிய பாகம் வந்த நிலைமின் தடுப்புப் பையை எறியாமல் வைத்திருங்கள்.
6. வெறுங்கம்பியால் கையைப் புவியுடன் கட்டாதீர்கள். மின் கசிந்தால் உயிராபத்து. இதற்கென விற்கப்படும் மணிக்கட்டுப் பட்டியில் 10 இலட்சம் ஓம் தடை உண்டு; அதுவே பாதுகாப்பு.

கலந்துரையாடுவோம்: நமது குடியிருப்பில் திருத்துவேலை எங்கே நடக்கின்றது? அங்கே நிலத்தில் விரிக்கப்பட்டிருப்பது என்ன? தொடுவதற்கு இரும்புக் குழாய் அருகே உண்டா? இல்லையெனில், வேலை செய்யும் இடத்தை எங்கே மாற்றலாம்?