வீட்டுக்காரர் போடும் ஓட்டு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் சிங்கப்பூர் பற்றிப் பேச்சு வந்தபோது, “1959லிருந்து ஒரே கட்சிக்கே போடுகிறார்களே, அந்த ஊர்க்காரர்கள் பயந்தவர்களா, நன்றிக்கடன் பட்டவர்களா?” என்று உன் தோழி கேட்டாளாமே. ‘மாமா அங்கேதான் இருக்கிறார், எழுதிக் கேட்கிறேன்’ என்று நீயும் ஏற்றுக்கொண்டு வந்துவிட்டாய். இரண்டும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று வேறிடத்தில் இருக்கிறது. அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார். மக்கள் செயல் கட்சி, இங்கே சுருக்கமாக மசெக, 2011 தேர்தலில் வாங்கியது 60.1 விழுக்காடு. 2015ல் 69.9. 2020ல் 61.2. 2025ல் 65.6. இந்தத் தேர்தல்கள் எல்லாவற்றிலும் நாடாளுமன்ற இடங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அவர்களிடம்தான். வாக்குகளிலோ ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேறு கட்சிக்குப் போடுகிறார். அதோடு, ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு கூட்டம் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் விசுவாசம் என்று பேசிக்கொண்டது அசையாத பாறை அல்ல. அந்த நகரும் கூட்டத்தைப் புரிந்துகொண்டால் இந்த ஊர் பாதி புரிந்துவிடும். அதற்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எல்லா அரசியலும் வீட்டில்தான் தொடங்குகிறது.

1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதி பற்றி எரிந்தது. ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். மசெக ஆட்சிக்கு வந்து இரண்டே ஆண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நாங்கள் வீவக என்போம், தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேல். எரிந்த இடத்திலும் அக்கம்பக்கத்திலும் அடுக்குமாடிகள் எழும்பின. அதற்கு முன் வெள்ளைக்காரர் காலத்து அமைப்பு முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்துக் கட்டியது ஏறக்குறைய 23,000 வீடுகள். வீவக முதல் ஐந்தாண்டில் மட்டும் 50,000க்கு மேல் கட்டிவிட்டது. அத்தாப்பு ஓலைக் கூரையும் பொதுக் கழிப்பறையுமாக வாழ்ந்தவர்கள் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டுக்குப் போனார்கள். நன்றிக்கடன் என்று உன் தோழி சொன்னது இதுதான் என்றால், அது அந்தத் தலைமுறைக்கு உண்மை. 2015 மார்ச்சில் முதல் பிரதமர் லீ குவான் யூ இறந்தபோது அவர் உடலைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசையில் நின்ற முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் தேர்தலில் வாக்கு கிட்டத்தட்ட பத்து விழுக்காடு ஏறியதில் அவர்களுக்கும் பங்குண்டு.

ஆனால் நன்றி ஒரு தலைமுறைக்கு மேல் ஓடாது. தீயைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது?

வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். 1964ல் அரசு அதை விற்கத் தொடங்கியது. 1968ல் ஒரு படி மேலே போய், மத்திய சேம நிதியில் கிடக்கும் பணத்தை எடுத்தே வீட்டுத் தவணையைக் கட்டலாம் என்றது. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தைக் கவனி. உங்கள் ஊர் பி.எஃப். போலத்தான், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், முதலாளியும் ஒரு பங்கு போடுவார். கைக்கு வராத பணம், அதனால் தவணை கட்டும்போது வலிப்பதில்லை. கூலிக்குப் போகிறவரும் பத்துப் பதினைந்து ஆண்டில் சொத்துக்காரர். இன்று இங்கே குடியிருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வீவக வீடுகளில். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாங்கியவர்கள். ஓய்வுக்கால நம்பிக்கை, மகளின் கல்யாணச் செலவு, வங்கிக் கடனுக்கு அஞ்ச வேண்டாம் என்ற தைரியம் எல்லாம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது.

இப்போது அந்த மனிதர் வாக்குச்சாவடிக்குப் போகிறார். அவருக்கு எதிரே இரண்டு சின்னங்கள். ஒன்று, அவர் வீட்டைக் கட்டியது, விற்றது, சுற்றுப்புறத்துக்கு ரயிலும் பள்ளியும் கொண்டுவந்தது, வீட்டு விலை விழாமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று ஆண்ட அனுபவமே இல்லாதது. வீடில்லாதவர் ‘மாறித்தான் பார்க்கட்டுமே’ என்று போடலாம். வீட்டுக்காரர் அப்படிப் போடத் தயங்குவார். அவர் கடந்த அறுபதாண்டுக்கு நன்றி சொல்லவில்லை. அடுத்த இருபதாண்டுத் தவணையை எண்ணிப் போடுகிறார். பயத்தையும் நன்றியையும்விடப் பெரிய காரணம் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

கட்சிக்கும் இது தெரியும், அதை ஒளிக்கவும் இல்லை. 1997 ஜனவரித் தேர்தலில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் வெளிப்படையாகவே சொன்னார்: எங்களுக்கு ஆதரவு தந்த வட்டாரங்களுக்கே மேம்பாட்டுப் பணியில் முன்னுரிமை. அன்று பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. இரண்டு மூன்று மாடி ஏறியோ இறங்கியோதான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மூட்டுவலிக்காரருக்கு அது ஓட்டை முடிவு செய்யும் விஷயம். 1991ல் 61 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்த வாக்கு 1997ல் 65க்கு ஏறியது. பொதுப்பணத்தை இப்படிப் பங்கிடுவது எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. வரி எல்லாரும்தானே கட்டுகிறோம்?

இந்தத் தூண்டிலைக் கடிக்காத தொகுதிகளும் இருந்தன என்பதை உன் வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொத்தோங் பாசிர் என்ற சிறு தொகுதி. 2006ல் ஏறக்குறைய 16,000 வாக்காளர்கள். மசெக வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தால் எட்டுக் கோடி வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மேம்பாடு என்றார்கள். தலைக்கு 5,000 வெள்ளி! பக்கத்தில் ஹவ்காங் தொகுதிக்குப் பத்துக் கோடி. இரண்டு தொகுதிகளுமே வேண்டாம் என்றுவிட்டன. பொத்தோங் பாசிரில் சியாம் சீ டோங் 1984 முதல் 2011 வரை உறுப்பினர். ஹவ்காங்கில் 1991ல் லோ தியா கியாங் வென்றதிலிருந்து இன்றுவரை பாட்டாளிக் கட்சிதான். ஆள்கள் மாறிவிட்டார்கள், கட்சி மாறவில்லை. தியோச்சூ என்ற சீனப் பேச்சுமொழியில் அங்காடிக் கடைக்காரரோடு அரட்டையடித்தவர் லோ. துக்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர். ஆக, நீண்ட விசுவாசம் ஆளுங்கட்சிக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரை மக்கள் எளிதில் விடுவதில்லை.

இப்படி மக்களுக்குப் பக்கத்தில் இருப்பதையும் மசெக ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறது. வாரத்தில் ஓர் இரவு, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், உறுப்பினர் மக்களைச் சந்திப்பார். வீட்டுக் கடன் தவணை பாக்கி, பிள்ளைக்குப் பள்ளி இடம், அபராதம் என்று வரிசை நிற்கும். தொண்டர்கள் குறிப்பெடுத்து, உரிய துறைக்குக் கடிதம் போகும். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் இதைச் செய்கிறார்கள். ஆனால் 1960ல் தொடங்கிய மக்கள் கழகம் என்ற அரசு அமைப்பின் அடித்தளக் குழுக்களுக்கு, எதிர்க்கட்சி வென்ற தொகுதியிலும் ஆலோசகராக இருப்பவர் மசெக ஆள்தான். தோற்றவர் சமூக மன்ற விழாவில் முன்வரிசையில் இருப்பார், வென்றவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. இதைப் படிக்கும்போது உனக்கு வரும் சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

பயத்துக்கு வருகிறேன். அது இல்லை என்று சொன்னால் பொய். 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் கைதானார்கள். பாரிசான் சோசியாலிஸ் கட்சியின் லிம் சின் சியோங் அவர்களில் முக்கியமானவர். அந்த ஆண்டு தேர்தலில் மசெக பெற்றது 46.9 விழுக்காடுதான், பாரிசான் 13 இடங்களில் வென்றது. 1968 தேர்தலைப் பாரிசான் புறக்கணிக்க, 58 இடங்களில் 51ல் போட்டியே இல்லாமல் போயிற்று. அடுத்த பல ஆண்டுகளுக்கு நாடாளுமன்றத்தில் ஒரே கட்சி. அதை உடைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், ஜே.பி. ஜெயரத்தினம். 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றார். பிறகு வழக்குகளில் 1986ல் பதவி போயிற்று. அவதூறு வழக்கு இழப்பீட்டுத் தொகை கட்ட முடியாமல் 2001ல் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டார். நல்ல வேலையில் இருக்கும் ஒருவர் எதிர்க்கட்சியில் நிற்க யோசித்தாரென்றால் காரணம் தேட வேண்டியதில்லை. (மசெகவைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ். ராஜரத்தினமும் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். ஆளும் வரிசையிலும் எதிர் வரிசையிலும் யாழ்ப்பாணம்!)

வாக்காளருக்கும் ஒரு சிறு பயம் உண்டு. வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறது. சீட்டுகளை முத்திரையிட்டு ஆறு மாதம் வைத்திருந்து எரித்துவிடுகிறார்கள், நீதிமன்ற உத்தரவில்லாமல் திறக்க முடியாது. ஆனாலும் ‘கண்டுபிடித்துவிடுவார்களோ’ என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டுப் போடுவது இங்கே கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள். ஆனால் பயமே காரணமென்றால் 2011ல் பத்தில் நான்கு பேர் துணிந்தது எப்படி?

இங்கேதான் அந்த நகரும் கூட்டம் வருகிறது. 1991ல் எதிர்க்கட்சிகள் ஒரு தந்திரம் செய்தன. 81 இடங்களில் பாதிக்கும் குறைவாகவே நின்றன. வேட்புமனு நாளன்றே 41 இடம் மசெகவுக்குப் போட்டியின்றிப் போய்விட்டது. அரசு உறுதி, இனி அஞ்சாமல் எதிர்க்கட்சிக்குப் போடலாம் என்று மக்களிடம் சொன்னார்கள். நான்கு இடம் கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவரை அவர்களுக்கு அதுவே அதிகம். சிங்கப்பூர் வாக்காளரின் மனத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. அவருக்கு ஆட்சி மாற வேண்டாம், ஆட்சியில் இருப்பவர்களை அதட்ட ஆள் வேண்டும்.

அதட்டினால் பலன் கிடைக்கிறது என்பதையும் அவர் கற்றுக்கொண்டுவிட்டார். 1984ல் பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்று ஒரு திட்டம் வந்தது. படிக்காத தாயின் பிள்ளை இளப்பமா என்று ஊரே கொதித்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மசெக வாக்கு 77.7லிருந்து 64.8க்கு விழுந்தது. மறு ஆண்டே திட்டம் போயிற்று. 2011ல் வீட்டு விலை, ரயில் நெரிசல், வெளிநாட்டவர் வரவு எல்லாம் சேர்ந்து, பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் அல்ஜூனிட் குழுத்தொகுதி முழுவதையும் பாட்டாளிக் கட்சிக்குக் கொடுத்தன. வெளியுறவு அமைச்சரே தோற்றார். அதன் பிறகு அமைச்சர்களின் சம்பளம் குறைந்தது, புது வீடுகள் வேகமாக எழும்பின, 1949க்குள் பிறந்த முதியவர்களின் மருத்துவத்துக்காக 800 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். 2015ல் வாக்கு திரும்பியதற்கு லீயின் மறைவு மட்டும் காரணமல்ல. கட்சி இறங்கி வந்தது, மக்கள் திரும்பி வந்தார்கள். இந்த ஊரில் இடங்களின் எண்ணிக்கையைவிட விழுக்காட்டைத்தான் எல்லாரும் பேசுவார்கள், கட்சித் தலைமையும் அதைத்தான் படிக்கும்.

இன்னொன்று உனக்கு விநோதமாகத் தோன்றும். 2024 அக்டோபரில் முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்குப் பன்னிரண்டு மாதச் சிறை. அரசுப் பதவியில் இருந்தபடி விலையுயர்ந்த பொருள்களைப் பெற்றதும், நீதிக்கு இடையூறு செய்ததும் குற்றம். அடுத்த ஆண்டு மே மாதத் தேர்தலில் ஆளுங்கட்சி வாக்கு குறையவில்லை, கூடியது. அமெரிக்க வரி மிரட்டலில் உலகமே கலங்கியிருந்த நேரம் என்பது ஒரு காரணம். தங்கள் ஆளையே கூண்டில் ஏற்றினார்களே என்ற எண்ணமும் ஒரு காரணம் என்பேன். நெருக்கடி வந்தால் ஆளுங்கட்சிக்கு லாபம் என்று சூத்திரமாக எழுதிவிடாதே. 2020ல் கொரோனா காலத்தில் நடந்த தேர்தலில் வாக்கு சரிந்தது.

நம்மவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்பாய். இனவாரியாகத் தனித்துச் சொல்ல முடியாதபடிதான் ஊரை அமைத்திருக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இனத்துக்கு இத்தனை வீடு என்று உச்சவரம்பு. தமிழர் தெரு, மலாய்த் தெரு என்று ஒரு தொகுதி திரள வழியில்லை. இனக் கலவரம் வராமல் காத்தது அது, தன் இனத்தைக் காட்டித் தனியே பேரம் பேசும் அரசியலையும் முளைக்கவிடவில்லை.

கடைசியாக ஒன்று, உன் வகுப்பில் சொல்ல உதவும். இவர்கள் விற்ற வீடு 99 ஆண்டுக் குத்தகை. 2017 மார்ச்சில் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர், இப்போதைய பிரதமர் லாரன்ஸ் வோங், பழைய வீடுகள் எல்லாவற்றையும் அரசு நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள், குத்தகை முடிந்தால் வீடு அரசுக்கே என்று சொன்னபோது பலருக்குத் தூக்கம் போயிற்று. கேலாங்கில் 191 தனியார் வீடுகளின் குத்தகை 2020 கடைசியில் முடிந்து, நிலம் இழப்பீடின்றி அரசிடம் போய்விட்டது. 2018ல் ஒரு திட்டம் அறிவித்தார்கள்: ஏறக்குறைய எழுபது ஆண்டைத் தாண்டிய குடியிருப்புகளில், குடியிருப்போர் வாக்களித்து ஒப்புக்கொண்டால் அரசு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். 1960களில் கட்டியவற்றின் குத்தகைக் காலம் 2060களில் தீர்கிறது. என் வீடு 1980களில் கட்டியது. நான் போன பிறகு என் மகனுக்கு அது எத்தனை ஆண்டு மிச்சத்தோடு கிடைக்கும், விற்றால் யார் வாங்குவார் என்று அவன் இப்போதே கணக்குப் போடுகிறான். அவன் ஓட்டு யாருக்கு என்று கேட்டேன், ‘பார்க்கலாம்ப்பா’ என்கிறான்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். மற்றவை நேரில்.

அன்புடன்,
மாமா