இலவசப் படத்தோடு வரும் திருடன்

புதுப்படம் வெளியான சில மணி நேரத்திலேயே அதன் திருட்டுப் பிரதி இணையத்தில் கிடைத்துவிடுகிறது. பணம் கேட்பதில்லை. ஆனால், சில வேளைகளில் படத்துடன் தீங்குநிரலும் வந்து சேர்கிறது.

கணினியில் இதைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. முழுநீளப் படம் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவில் இருக்கும். நான்கைந்து மெகாபைட்டில் வரும் கோப்பு படமாக இருக்க வாய்ப்பில்லை.

கைப்பேசியில் தந்திரம் வேறு. “இப்படத்தைப் பார்க்க இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்று திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும். அது கூகல் பிளே ஸ்டோரில் இல்லாத செயலி. ‘ஏபிகே’ கோப்பாக நேரடியாக இறங்கும். நிறுவியதும் கைப்பேசியின் உதவி வசதிகளைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் போன்றோருக்காக உருவாக்கப்பட்ட வசதிகள் அவை. திரையில் உள்ளதைப் படிக்கவும் பயனாளருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அவற்றால் முடியும். படம் காட்டும் செயலிக்கு அந்த அனுமதி எதற்கு? அவசரத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அனுமதி கிடைத்துவிட்டால், வங்கிக் கணக்கின் மறைச்சொல்லும் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை மறைச்சொல்லும் மோசடிக்காரர் கைக்குப் போய்விடும்.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் தீங்குநிரல் மோசடிகள் தொடர்பாக 1,899 புகார்கள் பதிவாயின. இழந்த தொகை குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி. உணவு விற்பனை, வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை போன்ற விளம்பரங்களை நம்பி ஏமாந்தவர்களும் அவர்களில் உண்டு. தூண்டில் எதுவானாலும், முள் அதே ‘ஏபிகே’ கோப்புதான்.

திருட்டுப் படங்களை ஒளிபரப்பும் பெட்டிகளை விற்பதற்கு 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் தடை விதித்தது. மறு ஆண்டு அக்டோபரில், லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் காவல்துறையினர் சோதனை நடத்தி, 2,500க்கும் அதிகமான பெட்டிகளைக் கைப்பற்றினர்.

கடைகளைச் சோதிக்கலாம், ஒவ்வொருவர் கைப்பேசியையும் சோதிக்க முடியுமா? பிள்ளைகள் சிலர் படம் பார்க்க எடுப்பது அம்மாவின் கைப்பேசியை. குடும்பத்தின் சேமிப்புக்கான வங்கிச் செயலியும் சிங்பாஸும் அதில்தான் இருக்கின்றன. தவறான செயலியை நிறுவிவிட்டதை உணர்ந்தாலும், திருட்டுப் படம் பார்த்தது தெரிந்தால் திட்டு விழுமே என்று பிள்ளை வாய் திறப்பதில்லை. மோசடிக்காரருக்கு வேண்டியதும் அந்த அவகாசமே. உடனே சொன்னால், கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபை இணைப்பையும் அணைத்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல அம்மாவுக்குச் சில நிமிடங்கள் போதும்.