தபாலில் வரும் அரிய தக்காளி விதையும் வாங்குபவரின் சட்ட உரிமையும்

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் வாசகி ஒருவர், ‘இளஞ்சிவப்பு பிராண்டிவைன்’ என்னும் அமெரிக்கப் பாரம்பரியத் தக்காளி ரகத்தின் 15 விதைகளை, வேறு மாநிலத்திலுள்ள சிறு விதை நிறுவனம் ஒன்றின் இணைய விற்பனைப் பக்கத்தில் 180 ரூபாய் செலுத்தித் தபாலில் பெற்றுள்ளார். அவற்றுள் 6 மட்டுமே முளைத்தன. அவையும் சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சிவப்புத் தக்காளியையே காய்த்தன. விற்றவர் பொறுப்பேற்க மறுக்கிறார். இழப்பீடு கோர இயலுமா? இத்தகைய விதைகளை வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா? சேமித்த விதையைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

பதில்: இழப்பீடு கோர இயலும். எனினும் பலரும் எண்ணுவதுபோல் அந்த உரிமை முதன்மையாக 1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டத்திலிருந்து பிறப்பதில்லை; 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான் இங்கு வாசகிக்கு உறுதியான துணையாக நிற்கின்றன.

விதைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, அரசு அறிவிக்கை செய்த பயிர் வகைகளையும் ரகங்களையும் விற்பவர், குறைந்தபட்ச முளைப்புத்திறனும் தூய்மையும் உள்ள விதையை உரிய விவர அட்டையுடன் மட்டுமே விற்க வேண்டும் என்று விதிக்கிறது. சான்று பெற்ற தக்காளி விதைக்கு முளைப்புத்திறன் 70 விழுக்காட்டுக்கும், புறத்தூய்மை, அதாவது தூசியும் பிற விதையும் கலவாத நிலை, 98 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது. அயல்நாட்டுப் பாரம்பரிய ரகங்கள் பொதுவாக அறிவிக்கைப் பட்டியலில் இடம்பெறாதவை என்பதால், வாசகி பெற்ற 40 விழுக்காட்டு முளைப்பைக் காட்டி அச்சட்டத்தின்கீழ் நேரடியாகக் குற்றம் சாட்டுவது கடினம். ஆயினும் நியாயமான தரம் எது என்று நுகர்வோர் ஆணையத்துக்கு எடுத்துரைக்க அந்த 70 விழுக்காடு ஏற்ற அளவுகோலாக அமையும். மேலும், 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை வணிகம் செய்பவர் உரிமம் பெற்றிருக்கவும், வாங்குபவருக்கு ரசீது கொடுக்கவும் கடமைப்பட்டவர். நிறுவனம் சிறியது என்பதாலோ, விற்பனை தபாலில் நடந்தது என்பதாலோ அக்கடமை நீங்குவதில்லை.

வாசகியின் வழக்கில் வலுவான பகுதி ரகம் மாறியதே ஆகும். ஒரு பொருள் அதன் பெயரையும் விவரிப்பையும் நம்பி வாங்கப்படும்போது, அப்பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனையாக ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கருதுகிறது. விதையைக் கண்ணால் பார்த்து ரகத்தை அறிய எவராலும் இயலாது என்பதால், விற்பனைப் பக்கத்திலும் உறையிலும் உள்ள பெயர், படம், வருணனை ஆகியவற்றைத் தவிர வாங்குபவர் நம்புவதற்கு வேறு எதுவுமில்லை. இளஞ்சிவப்பு பிராண்டிவைன் செடியின் இலை, தக்காளிக்கு வழக்கமான வெட்டு விளிம்பு இல்லாமல், உருளைக்கிழங்குச் செடியின் இலையைப் போல அகன்று மழமழப்பான ஓரத்துடன் இருக்கும். வந்த நாற்றுகள் எல்லாம் வெட்டு விளிம்புள்ள இலைகளையே விட்டிருந்தால், காய் பிடிப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ரகமாற்றம் வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். தேதியுடன் எடுத்த இலைப் படமும், பழுத்த காயின் படமும், தோட்டக்கலை அலுவலரின் எழுத்துப்பூர்வக் கருத்தும் சேர்ந்தால் சான்று முழுமை பெறும்.

முளைப்புக் குறைவை மெய்ப்பிப்பது அதைவிடக் கடினம். ஆழமாக ஊன்றியது, மிகுந்த ஈரம், கடும் வெயில் எனப் பிற காரணங்களை விற்பவர் முன்வைக்கக்கூடும். அவற்றை விலக்கிக் காட்டும் சுமை புகார் செய்பவர் மீது உள்ளது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, ஆய்வின்றி முடிவுசெய்ய இயலாத குறைபாடு இருப்பின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வழிசெய்கிறது. எஞ்சிய விதை இல்லாதபோது வழக்கு தோற்றுவிடுமா என்ற ஐயத்துக்கு, தேசிய விதைகள் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் விடையளித்துள்ளது: வாங்கிய விதை முழுவதையும் விவசாயி விதைத்துவிடுவது இயல்பு என்றும், ஆய்வுக்கென ஒரு பகுதியை அவர் எடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது என்றும், விதைகள் சட்டம் நடைமுறையில் இருப்பது நுகர்வோர் வழக்குக்குத் தடையாகாது என்றும் நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், இரவு வெப்பம் மிகும்போது பெரிய காய் காய்க்கும் ரகங்கள் பூவை உதிர்ப்பது இயற்கை. தமிழகக் கோடைக்கு ஏற்றது என்று விற்பவர் உறுதி கூறியிருந்தாலொழிய அந்த இழப்புக்கு அவரைப் பொறுப்பாக்குவது முறையாகாது.

நடைமுறையில், வாசகி முதலில் ரசீது, உறை, படங்கள் ஆகியவற்றின் நகல்களுடன் விற்பவருக்கு விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். இணையத்தில் விற்பவருக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்துவதால், குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. அதன் பின்னும் தீர்வு இல்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். அல்லது மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடமளிப்பதால், விற்பவரின் மாநிலத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்குக்கான காலவரம்பு 2 ஆண்டு. அதை விதை வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பானது.

வெளிநாட்டு விதையைப் பொறுத்தவரை சட்டம் கண்டிப்பானது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணைப்படி, விதைப்புக்கான விதையை இறக்குமதி செய்ய இந்திய அரசின் அனுமதியும், அனுப்பும் நாடு வழங்கும் தாவரச் சுகாதாரச் சான்றும் தேவை. கடித உறைக்குள் வரும் பத்து விதையையும் அந்த விதி கட்டுப்படுத்தும். இக்கண்டிப்பு வீணானதன்று: தக்காளிக் காயில் பழுப்புத் திட்டும் சுருக்கமும் உண்டாக்கும் நச்சுயிரி ஒன்று, 2014–15 வாக்கில் இஸ்ரேல், ஜோர்டான் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, விதை வழியாகவும் பல நாடுகளுக்குப் பரவியது. மரபணு மாற்றிய விதைக்குத் தடை இன்னும் கடுமையானது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘இண்டிகோ ரோஸ்’ மரபான கலப்பினால் உருவான கருநீலத் தக்காளி; 2024 முதல் அமெரிக்க வீட்டுத்தோட்டங்களுக்கு விற்கப்படும் ஊதாத் தக்காளியோ ஸ்நாப்டிராகன் பூச்செடியின் மரபணுக்கள் சேர்க்கப்பட்டது. பின்னதை மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலின்றி இறக்குமதி செய்வது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் வகுக்கப்பட்ட விதிகளை மீறும் செயலாகும்.

சேமித்த விதையைப் பகிர்வதற்குச் சட்டம் பரிவு காட்டுகிறது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இன் 39ஆம் பிரிவு, பதிவுபெற்ற ரகத்தின் விதையைக்கூட உழவர் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் அனுமதிக்கிறது; அந்த ரகத்தின் பெயரிட்ட உறையிலிட்டு விற்பதை மட்டுமே விலக்குகிறது. பதிவுபெறாத பாரம்பரிய ரகத்தில் எவருக்கும் இச்சட்டத்தின்கீழ்த் தனியுரிமை இல்லாததால், வாசகி தம் தோட்டத்து விதையை அண்டை வீட்டாருக்கும் விதைக்குழுக்களுக்கும் தயக்கமின்றிக் கொடுக்கலாம். அதையே தொடர் வணிகமாக்கினால் உரிமம் பெற வேண்டும்.

அரிய ரகங்களை அழியாமல் காத்துவருவோரில் சிறு விதைக்காரர்கள் பலர் இருப்பதால், மாற்று விதையோ பணமோ தர முன்வருபவருடன் சமரசம் செய்துகொள்வதே நன்று; பொய்ப்படம் காட்டி விற்றுவிட்டு மறுப்பவரை ஆணையத்தின் முன் நிறுத்துவதும் அதே அளவுக்குத் தேவையானது. எனவே அரிய விதை வாங்கும் ஒவ்வொருவரும் உரிம எண், குவியல் எண், சோதித்த நாள், முளைப்புத்திறன் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெற்று, விற்பனைப் பக்கத்தின் படத்தையும் விதையுறையையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்த வேண்டும்.