சங்கத்துக்கு வலைத்தளம்: மொத்த விலையா, மாதச் சந்தாவா?

கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. சங்கத்துக்கு ஒரு வலைத்தளம் வேண்டும். நம்முடைய சேலையையும் வேட்டியையும், மஞ்சளையும் வெல்லத்தையும் வெளியூரார் தம் வீட்டிலிருந்தபடியே கண்டு வாங்க வேண்டும். அதனை அமைத்துத் தரும் நிறுவனத்துக்கு எம்முறையில் பணம் கொடுப்பது என்பதே அக்கேள்வி. ஒரு நிறுவனம் மொத்தமாக ஒரு தொகை கேட்கிறது. மற்றொன்று, முதலில் எதுவும் தர வேண்டாம், மாதந்தோறும் சந்தா செலுத்தினால் போதும் என்கிறது. இரண்டில் நமக்கு ஏற்றது எது? இம்மாதப் பாடத்தில் இதனை ஆராய்வோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எது மலிவு என்பது இரண்டாவது கேள்வி. ஒப்பந்தம் முடியும் நாளில் சங்கத்தின் கையில் எது மிஞ்சும் என்பதே முதற் கேள்வி. இதனைக் கேளாமல் விலையை மட்டும் பேசி முடித்த சங்கம், பின்னால் வருந்த நேரிடும்.

வலைத்தளத்தின் உறுப்புகள்

தறி என்பது ஒரே பொருளன்று. சட்டம், அச்சு, விழுது, பலகை, நாடா எனப் பல சேர்ந்தே தறியாகிறது. வலைத்தளமும் அவ்வாறே. அதன் உறுப்புகளைத் தனித்தனியே அறிந்துகொண்டால்தான், எது யாருக்கு உரியது என்று கேட்க முடியும்.

முதலாவது, டொமைன் பெயர். இது இணையத்தில் சங்கத்தின் விலாசம். இதனை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு செய்து, தவணை தீருமுன் புதுப்பித்துவர வேண்டும். எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதற்கு உரியவர். இரண்டாவது, ஹோஸ்டிங். தளத்தை வைத்திருக்கும் கணினியில் நாம் பெறும் வாடகை இடம் இது. மூன்றாவது, தளத்தை இயக்கும் மென்பொருளும் அதன் வடிவமைப்பும். நான்காவது, சரக்குகளின் படங்களும் விவரங்களும். ஐந்தாவது, வாங்குவோர் செலுத்தும் பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வந்துசேரும் வழி. ஆறாவது, வாங்கியவர்களின் பெயர், விலாசம், தொலைபேசி எண் அடங்கிய பட்டியல். நாளடைவில் இந்த ஆறாவதே மற்ற ஐந்தையும்விட மதிப்பு மிக்கதாகிவிடும்.

இரு முறைகளின் இயல்பு

மொத்த விலை முறையில், செய்ய வேண்டிய வேலை இன்னதென்று முன்னரே எழுதப்படுகிறது. அதற்கு ஒரு தொகை பேசி, தவணைகளில் கொடுத்து, தளத்தைப் பெற்றுக்கொள்கிறோம். மகாசபையின் முன் வரவு செலவுத் திட்டத்தில் ஒரே எண்ணாகக் காட்டலாம் என்பது இதன் சௌகரியம். ஆயினும் நிறுவனத்துக்கு இதில் லாபம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேலை விரைவில் முடிந்தால் லாபம். குறைவாகச் செய்தால் மேலும் லாபம். ஆகையால் எழுதப்படாத ஒவ்வொன்றும் தகராறாகிறது. “தீபாவளித் தள்ளுபடிக்கு ஒரு பக்கம் வேண்டும்” என்று நாம் கேட்டால், “அது ஒப்பந்தத்தில் இல்லை, தனிக் கட்டணம்” என்பார்கள். மேலும், தளத்தை ஒப்படைத்த பின் அதனைப் பேணுவார் யார்? மென்பொருளுக்குக் காலத்துக்குக் காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைச் சேர்க்காமல் விட்ட தளம், தாழ்ப்பாள் இல்லாத கிடங்குக்கு ஒப்பாகும்.

சந்தா முறையில் பேணுகின்ற வேலையும் சிறு மாற்றங்களும் மாதக் கட்டணத்திலேயே அடங்குகின்றன. கையில் மூலதனம் இல்லாத சங்கத்துக்கு இது பெரும் உதவி. ஆனால் நிறுவனம் முதல் சில மாதங்களில் மிகுதியாக உழைத்து, அதன் கூலியைப் பின்வரும் மாதங்களில்தான் பெறுகிறது. ஆதலால் குறைந்தது ஓராண்டு அல்லது ஈராண்டு விலகக்கூடாது என்று கட்டுப்பாடு விதிப்பது வழக்கம். தளம் எழுந்து நின்ற பிறகோ, மாதம் எவ்வளவு குறைவாக உழைக்கிறதோ அவ்வளவும் நிறுவனத்துக்கு மிச்சம். மொத்த விலையில் நம்மை விரைவாக விட்டுப் போகும் ஆசையும், சந்தாவில் நம்மை விடாமல் பிடித்துவைக்கும் ஆசையும் நிறுவனத்துக்கு இயல்பாகவே உண்டு. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அறிந்து நடந்துகொள்வதே நம் கடமை.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தொகைகள் உதாரணமே, சங்கங்கள் தாம் பெற்ற விலைப்புள்ளிகளை இவ்விடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மொத்த விலை ரூ. 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. விலைப்புள்ளியில் வரி பெரும்பாலும் சேர்ந்திராது என்பதை மறவாதிருக்க வேண்டும். வரியுடன் ரூ. 1,41,600. ஹோஸ்டிங், பெயர்ப் புதுப்பிப்பு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு வரி உட்பட ஆண்டுக்கு ரூ. 30,000. சந்தா முறையிலோ மாதம் ரூ. 6,000, வரியுடன் ரூ. 7,080.

முதலாண்டின் முடிவில் மொத்த விலை முறையில் செலவு ரூ. 1,71,600. சந்தாவில் ரூ. 84,960. மூன்றாண்டு முடிவில் முன்னதில் ரூ. 2,31,600, பின்னதில் ரூ. 2,54,880. ஐந்தாண்டு முடிவில் முன்னதில் ரூ. 2,91,600, பின்னதில் ரூ. 4,24,800. ஆகவே நெடுங்காலம் நடத்தினால் மொத்த விலையே சிக்கனம் என்று தோன்றும்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. நெசவாளர் சங்கத்தின் சரக்கு மாதந்தோறும் மாறுவது. புதுக் கரை, புது நிறம், புது விலை ஆகியவற்றைத் தளத்தில் ஏற்ற வேண்டும். மொத்த விலை முறையில் இதனை வெளியாரைக் கொண்டு செய்து, மாதம் ரூ. 2,500 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், மூன்றாண்டுச் செலவு ரூ. 3,21,600 ஆகவும், ஐந்தாண்டுச் செலவு ரூ. 4,41,600 ஆகவும் உயர்ந்துவிடும். சந்தாவில் இவ்வேலையும் அடங்கியிருக்குமானால், இப்போது சந்தாவே மலிவு.

இதிலிருந்து நாம் அறிவது யாது? விலையைத் தீர்மானிப்பது முறையன்று. மாற்றங்களின் அளவும், அவற்றைச் செய்பவர் யார் என்பதுமே. அங்கத்தினர் குடும்பங்களில் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரும் பெண்களும் எத்தனையோ பேர் இருக்கின்றனர். படம் ஏற்றவும் விலை மாற்றவும் அவர்களில் இருவருக்குப் பயிற்சி அளித்துவிட்டால், அந்த ரூ. 2,500 வெளியே போக வேண்டியதில்லை. அங்கத்தினருக்குக் கல்வி அளிப்பது கூட்டுறவுக் கொள்கைகளில் ஒன்று. இங்கே அது பணத்தையும் மிச்சப்படுத்துகிறது.

தறி யாருடையது?

இனி முதற் கேள்விக்கு வருவோம். முதலாளியின் தறியில், முதலாளி தந்த நூலைக் கொண்டு, கூலிக்கு நெய்யும் நெசவாளரின் நிலை நம் அங்கத்தினர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. கை அவருடையது; திறமை அவருடையது; தறியும் சந்தையும் வேறொருவருடையவை. உறவு முறிந்தால் அவர் வெறுங்கையோடு வெளியேற வேண்டும். இந்நிலையிலிருந்து மீள்வதற்கே நெசவாளர் சங்கங்கள் தோன்றின. பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்ற மாகாணச் சங்கம் 1935-ஆம் ஆண்டில் அமைந்ததும், நூல் பெறுவதிலும் துணி விற்பதிலும் நெசவாளர்க்குத் துணை நிற்பதற்கே.

டொமைன் பெயர் நிறுவனத்தின் பெயரிலும், மென்பொருள் நிறுவனத்தின் வசத்திலும், வாங்குவோர் பட்டியல் நிறுவனத்தின் கணினியிலும் இருந்தால், சங்கம் மறுபடியும் பிறர் தறியில் நெய்கிறது என்றே பொருள். சேலையின் சீட்டிலும் பையிலும் அச்சிட்ட விலாசம் ஒரு நாள் திறக்காமல் போகலாம். சந்தா முறையில் இவ்வபாயம் மிகுதி; நிலுவை ஏற்பட்டவுடன் தளத்தையே நிறுத்திவிட முடியும். ஆனால் மொத்த விலை கொடுத்தவர்களும் தமக்கு அபாயமில்லை என்று இருந்துவிடக் கூடாது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை இங்கே அறிந்திருப்பது அவசியம். கணினி நிரலும் அச்சட்டத்தின்படி ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. வெளி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து நிரல் எழுதச் செய்தாலும், எழுத்து மூலமாக மாற்றித் தராத வரையில் அதன் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால், அது ஐந்தாண்டுக்கே என்று சட்டம் கொள்கிறது. “பணம் கொடுத்துவிட்டோம், ஆகவே நம்முடையது” என்னும் எண்ணம் சட்டத்தின் முன் நில்லாது.

வாங்குவோர் பட்டியலிலும் சட்டப் பொறுப்பு உண்டு. 2023-இல் இயற்றப்பட்ட மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைத் தம் காரியத்துக்காகப் பெறுபவர் மீதே பொறுப்பைச் சுமத்துகிறது. வேலையை மற்றொரு நிறுவனத்திடம் ஒப்படைத்ததனால் அப்பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

எம்முறையைக் கைக்கொண்டாலும் பின்வருவன எழுத்தில் இருத்தல் வேண்டும்.

1. டொமைன் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். பதிவுக்குரிய மின்னஞ்சல் சங்கத்தின் பொது மின்னஞ்சலாக இருக்க வேண்டும். எந்தத் தனிமனிதருடையதாகவும் இருத்தலாகாது. நிர்வாகக் குழு மாறும்போது கடவுச்சொற்களும் முறையாக ஒப்படைக்கப்பட வேண்டும்.

2. பணம் பெறும் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். விற்பனைப் பணம் நிறுவனத்தின் கணக்கு வழியாக வருதல் கூடாது.

3. நிரலின் பதிப்புரிமை, காலமும் எல்லையும் குறிப்பிட்டு, கையொப்பத்துடன் சங்கத்துக்கு மாற்றப்பட வேண்டும். அல்லது வேர்ட்பிரஸ் போன்ற திறந்த மூல மென்பொருளில் தளம் அமைய வேண்டும். ஊர்த் தச்சர் எவரும் பழுது பார்க்கக்கூடிய தறியைப் போன்றது அது. ஒருவர் விட்டுச் சென்றால் மற்றொருவர் தொடரலாம்.

4. காப்புப் பிரதி மாதம் ஒரு முறை சங்கத்தின் கைக்கு வர வேண்டும்.

5. மொத்த விலையானால், பக்கங்கள், மொழிகள், சரக்கு எண்ணிக்கை, பயிற்சி ஆகியவை பட்டியலாக வேண்டும். பணம் வேலை நடக்க நடக்கத் தரப்பட வேண்டும். பத்தில் ஒரு பங்கையாவது, தளம் மூன்று மாதம் பழுதின்றி ஓடும் வரை நிறுத்திவைத்தல் நலம்.

6. சந்தாவானால், மாதத்துக்கு எத்தனை மணி நேர வேலை, பயன்படாத நேரம் அடுத்த மாதத்துக்குச் சேருமா, கட்டணம் எப்போது எவ்வளவு உயரும், விலக எத்தனை நாள் அறிவிப்பு, விலகும்போது எவை எவை எத்தனை நாளில் ஒப்படைக்கப்படும் என்பன எழுதப்பட வேண்டும்.

எமது யோசனை

இணைய வழி விற்பனையில் முன் அனுபவமும் கையில் நிதியும் உள்ள சங்கம், தளத்தை மொத்த விலைக்கு அமைத்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் ஆண்டு ஒப்பந்தமாக விடுவது நல்லது. பராமரிப்பவரிடம் மனக்குறை ஏற்பட்டால், தளத்தை இழக்காமலே ஆளை மாற்றலாம். விற்குமோ விற்காதோ என்று இன்னும் அறியாத சிறு சங்கம், ஓராண்டுச் சந்தாவில் தொடங்கிப் பார்க்கலாம். நம் உதாரணத்தில், முயற்சி பலிக்காவிடினும் இழப்பு பாதியோடு நிற்கிறது. ஆனால் அவ்வோராண்டிலும் பெயர், பணக் கணக்கு, படங்கள், பட்டியல் ஆகிய நான்கும் சங்கத்துடையவையாகவே இருக்க வேண்டும். இவற்றுக்கு இணங்காத நிறுவனம் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும், வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவதே தகும்.

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்று, ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டு மகாசபையின் முன் வைக்க வேண்டும். அங்கத்தினரும் வலைத்தளம் படித்தவர் விஷயம் என்று ஒதுங்கியிருத்தல் கூடாது. பாவில் ஓர் இழை அறுந்தால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்க்கு, ஒப்பந்தத்தில் ஒரு வரி விடுபட்டதைக் கண்டுபிடிப்பது அரிதன்று.

கூடி விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் தளம் இருக்குமானால், அதன் டொமைன் பெயர் எவர் பெயரில் பதிவாகியுள்ளது? எந்நாளில் தவணை தீர்கிறது?

2. ஓர் ஆண்டில் நம் சரக்குப் பட்டியல் எத்தனை முறை மாறுகிறது? அம்மாற்றங்களைச் செய்ய நம்மவருள் யாருக்குப் பயிற்சி அளிக்கலாம்?

3. நாளையே அந்நிறுவனம் கடையை மூடிவிட்டால், மறுநாள் காலையில் நம் கையில் எவை இருக்கும்?

மூன்றாவது வினாவுக்குத் தயங்காமல் விடை சொல்லக்கூடிய சங்கமே, எம்முறையில் பணம் கொடுத்தாலும், சொந்தத் தறியில் நெய்கிற சங்கமாகும்.